டப்பா நெத்திலியும் வெயில் நெத்திலியும்

வெளிநாட்டிலிருந்து வந்த தோழி ஒருவர் சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்துவிட்டுப் போனார். மேலே 'ஆங்கோவி' என்று போட்டிருந்தது. உள்ளே எண்ணெயில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய மீன் துண்டுகள். ஆளுக்கொன்று வாயில் போட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இது நம்ம நெத்திலி அல்லவா!

தேடிப் படித்தோம். ஐரோப்பியக் கடலின் ஆங்கோவியும் நம் நெத்திலியும் ஒரே குடும்பத்து மீன்கள், இனம்தான் வேறு. நாம் வெயிலில் காய வைக்கிறோம். அவர்கள் மாதக் கணக்கில் உப்பில் வைத்து, முள் நீக்கி, எண்ணெயில் போடுகிறார்கள். இத்தாலியின் சிசிலித் தீவில் இதை ஸ்பகெட்டியில் சேர்த்து, மேலே வறுத்த ரொட்டித் தூளைத் தூவுகிறார்கள். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் சீஸுக்குப் பதிலாக வந்தது அந்தத் தூள்.

செய்வது எளிது. இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி. மீனிலேயே உப்பு இருப்பதால் வேக வைக்கும் தண்ணீரில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு கரண்டி எண்ணெயில் நான்கு பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஆறு துண்டு மீன். சின்னத் தீயில் கிளறினால் மீன் கரைந்தே போகும். வெந்த ஸ்பகெட்டியையும் அது வெந்த தண்ணீரில் அரை டம்ளரையும் சேர்த்துப் பிரட்டி, பொன்னிறமாக வறுத்த ரொட்டித் தூளைப் போட்டு இறக்கினால் முடிந்தது.

அன்று மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வாசனை தூக்குது?" "பாஸ்தாம்மா." "எனக்கும் ஒரு நாள் சொல்லிக் குடுங்க" என்றார்.

டப்பா தீர்ந்தது. கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கி, தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துப் பொடித்தோம். இது கரையாது. ஆனால் ருசி ஒரு படி மேல். எங்கள் அம்மாக்களின் அடுப்படி அந்தத் தட்டில் இருந்தது.

அன்றும் அம்மா எட்டிப் பார்த்தார். "கருவாடா? குடி வரும்போதே சொன்னேனேம்மா."

சொன்னார்தான். முட்டை பரவாயில்லை, கருவாடு மட்டும் கூடாது என்றார். நான்கு வீடு பார்த்து, நான்கிலும் "நீங்க என்ன ஆளுங்க?" என்பதைச் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். ஐந்தாவது வீட்டில் அதைக் கேட்கவில்லை, கருவாட்டை மட்டும் கேட்டார்கள். அந்த நிம்மதியில் தலையாட்டிவிட்டோம். இரண்டும் ஒரே கேள்விதான் என்று அப்போதே தெரியும்.

சமூகவியல் வகுப்பில் மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய நூலைப் படித்திருக்கிறோம். தீட்டு பொருளில் இல்லை, பொருட்களை நாம் அடுக்கி வைத்திருக்கும் ஒழுங்கில் இருக்கிறது என்பது அவர் வாதம். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினோம். அது புரிந்தது மாடிப்படியில் நின்றபோதுதான். கருவாட்டின் வாசம் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகம் மாறியது வாசத்துக்கு மட்டுமா?

இந்த முறை தலையாட்டவில்லை. "அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதுவும் நெத்திலிதாம்மா. டப்பாவுல வந்துச்சு, அவ்வளவுதான்" என்றோம்.

அம்மா கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டார்.

வாடகை ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. புதுப்பிப்பார்களா, தெரியவில்லை. நேற்றும் நெத்திலி வறுத்தோம். ஜன்னலைச் சாத்தவில்லை.