தன் கைச்சாண்

மக்கள் உடம்பை எண்சாண் உடம்பு என்பது தமிழ் வழக்கு. நெடியோன் உடம்பும் எட்டுச் சாண். குறியோன் உடம்பும் எட்டுச் சாண். அளக்குஞ் சாண் அவரவர் கைச்சாண் ஆதலின் உயர வேறுபாடு மறைய, உடம்பின் அமைப்பு ஒன்றே புலனாகின்றது. கணித நூலார் கையாளும் அரியதொரு முறையும் இத்தகையதே.

புவி ஞாயிற்றைச் சுற்றும் நெறியைக் கணிப்பொறியாற் காண ஒருவன் புகுகின்றான் எனக் கொள்க. நியூட்டனின் ஈர்ப்பு விதி அவனுக்கு ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தருகின்றது. ஞாயிற்றின் நிறை கிலோகிராமில் ஏறத்தாழ 2 என்னும் எண்ணின் பின் 30 சுழிகள். ஈர்ப்பு மாறிலியோ புள்ளிக்குப் பின் 10 சுழிகள் கடந்து தோன்றும் சிற்றெண். விசையைக் காண இரு நிறைகளையும் பெருக்கினால் 56 இலக்கங்கள் வரும். ஓர் எண்ணை 32 இருமங்களில் அடக்கும் கணிப்பொறியிலோ 39 இலக்கங்களுக்கு மேற் கொள்ளா. கலத்தைப் பெரிதாக்கலாம், ஆயினும் இருள் நீங்காது. ஆயிரம் நொடி என்னும் காலப்படி சிறிதோ பெரிதோ என எதனைக்கொண்டு அறிவது?

ஆதலின் அறிந்தோன் முதற்கண் அளவுகோலை மாற்றுவான். தொலைவுகளையெல்லாம் புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவால் வகுப்பான். மீட்டர் நீங்கி வெறும் எண் நிற்கும். ஓராண்டை 6.28 கூறாக்கி, அக்கூறாகிய 58 நாளாற் காலத்தை வகுப்பான். நிறையும் மாறிலியும் சமன்பாட்டினின்றும் ஒழிந்துவிடும். தொலைவு இருமடங்காயின் இழுப்பு நாலில் ஒன்றாகும் என்னும் செய்தி மட்டுமே எஞ்சும். இனிக் காலப்படி 0.01 எனின், ஒரு சுற்றுக்கு 628 படிகள் என்பது எளிதிற் புலனாம். விடையை மீட்டும் மீட்டராக்குதல் இறுதியிற் செய்யும் ஒரு பெருக்கலே. பரிமாணம் நீக்கல் என்பது இதுவாம்.

இம்முறை எல்லா இடரையும் தீர்க்கும் என எண்ணற்க. புதன் 88 நாளிலும் நெப்டியூன் ஏறத்தாழ 165 ஆண்டிலும் சுற்றுகின்றன. இரண்டையும் ஒரே கணக்கில் வைப்போனுக்கு இரண்டிற்கும் ஒத்த கோல் வாய்ப்பதில்லை.

ஆயினும் பயன் பெரிது. புவிக்குத் தீர்த்த விடை, நெறியின் வடிவம் ஒத்திருப்பின், வியாழனுக்கும் ஆம். வியாழனின் தொலைவு 5.2, அதன் மும்மடியின் வர்க்கமூலம் 11.86. வியாழன் ஒருமுறை சுற்றுதற்கு ஆகும் காலமும் 11.86 ஆண்டே. இவ்விதியை 1619இல் வெளியிட்ட கெப்ளர் ஞாயிற்றின் மெய்த்தொலைவை அறிந்தவர் அல்லர்; பன்மடங்கு குறைத்தே கருதியிருந்தார். 1672இல் பாரிசிலும் தென்னமெரிக்கக் காயேனிலும் செவ்வாயை நோக்கி அளந்த பின்னரே மெய்யை ஒட்டிய அளவு கிட்டிற்று. அவ்வறியாமை அவர் விதியைச் சிறிதும் தீண்டவில்லை. அவர் கணக்கிற் புகுந்தவை கல் தொலைவுகள் அல்ல; புவியின் தொலைவை ஒன்றெனக் கொண்ட விகிதங்களே.