அடித்தல் திருத்தல்

நன்னூலை எழுதச் சொன்னவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். ஓசூரில் இதைச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊர்ப்பெருமை பேச 1878இல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இருக்கிறார், அது போதும் என்று விட்டுவிடுவார்கள். நான் கொடி பிடிப்பது சீயகங்கனுக்கு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன், கங்கர் வழி வந்தவன். கல்வெட்டுகளில் குவளாலபுரத்துக்குத் தலைவன் என்று பட்டம் போட்டுக்கொள்கிறான். குவளாலபுரம் என்பது வேறெதுவுமில்லை, கோலார்தான். காலையில் மாலூர் வழியாகக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஊர்ப் பெயரைச் சூடியவன்தான் பவணந்தி முனிவரிடம் தமிழுக்கு இலக்கணம் கேட்டு வாங்கியிருக்கிறான். அத்திப்பள்ளிப் பக்கம் லாரி வரிசை நகராமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு இவன் ஞாபகம் வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது அந்த நூலின் பாயிரம். எழுத்து, சொல் என்று உள்ளே போவதற்கு முன், நூல் செய்கிறவனுக்கு எது ஆகாது, எது அழகு என்று கணக்காகச் சொல்லிவிடுகிறார் பவணந்தியார். குற்றம் 10, அழகு 10, உத்தி 32. கூறியது கூறல், மிகைபடக் கூறல் எல்லாம் நாம் தினமும் செய்வதுதான். 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று உண்டு. ஆர்ப்பாட்டமாகக் கிளம்பி, போகப் போகச் சுரத்துக் குறைந்து, கடைசியில் மூச்சே நின்றுபோகிற எழுத்து. பரீட்சை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதப்பட்ட முடிவுரை ஒன்றைப் படித்தவருக்கு இதற்கு உரையாசிரியர் தேவைப்படாது. 'மற்றொன்று விரித்தல்' இன்னொரு குற்றம். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது, இருக்கட்டும்.

ஏனென்றால் மாணவர்களை அவர் தரம் பிரிக்கும் இடத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அன்னமும் பசுவும் முதல் தரம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி இவை கடைசி. கிளி? சொன்னதைச் சொல்லும் கிளியையும் கடைசியில்தான் தள்ளியிருப்பார் என்று நினைப்போம். இல்லை, மண்ணுக்குப் பக்கத்தில் நடுத்தரத்தில் உட்கார வைத்திருக்கிறார். மனப்பாடத்துக்கு எண்ணூறு வருடத்துக்கு முன்பே பாஸ் மார்க் கிடைத்துவிட்டது.

எங்கள் எதிர்வீட்டுப் பையன் இந்தக் கிளி வகுப்பில் தலைமாணாக்கன். பத்தாவது படிக்கிறான். வீட்டில் தெலுங்கு, கிரிக்கெட் ஆடும் இடத்தில் கன்னடமும் கலந்து வரும். எழுதுவது தமிழ். தமிழைக் கட்டாயமாக்கிய சட்டம் 2006இல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாவதைத் தொட்டபோது இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் கலவரம், எத்தனை முறை கோர்ட்டு என்பதெல்லாம் தனிக்கதை. இவனுக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. தமிழ் எழுதுவது பிடிக்கிறது, மார்க்கும் வருகிறது.

"அங்கிள், நான் சொல்லிக்கிட்டே வரேன், நீங்க புக்குல பாத்துக்கிட்டே வாங்க" என்று ஒரு மாலை நோட்டோடு வந்தான். தலைப்பு சாலைப் பாதுகாப்பு. குறிப்புச்சட்டகத்தைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுமாம். முன்னுரை, விபத்துக்கான காரணங்கள், சாலை விதிகள், ஊர்தி ஓட்டுநர் கடமை, முடிவுரை. என்ன எழுதலாம், எதை முன்னால் வைக்கலாம் என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் வேலை, கட்டுரையில் ருசியான வேலையே அதுதான், அதை வேறு யாரோ அவனுக்காகச் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கட்டத்தை நிரப்புவது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி இடம் மாறாமல் நிரப்பினான். எங்கள் தலைமுறையும் கோனார் உரையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் நிரப்பியது.

சொல்லி முடித்ததும், தினமும் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாய் என்று கேட்டேன். சர்வீஸ் ரோட்டில் சைக்கிளில். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி பஸ்காரர்கள் எந்தத் திருப்பத்தில் ஒடிப்பார்கள், பெங்களூர் பக்கம் போகிற கார்க்காரர்கள் எங்கே ஹாரன் அடிக்கமாட்டார்கள் என்று ஆரம்பித்தவன் சேஸிஸ் வண்டிக்கு வந்தான். ஓசூர்க்காரர்களுக்குப் பழகிய காட்சிதான். கேபின் இல்லை, கதவு இல்லை, வெறும் சட்டமும் இன்ஜினும், நடுவில் தலையில் துண்டு கட்டிய டிரைவர்.

"அந்த வண்டி வந்தா பயமே இல்ல அங்கிள். முன்னாடி கண்ணாடி இல்லல்ல, டிரைவர் முகம் நல்லாத் தெரியும். அவர் நம்மளப் பாத்துட்டாரான்னு பாத்துட்டு க்ராஸ் பண்ணிடலாம். ஏசி பஸ்ல கறுப்புக் கண்ணாடி. யாரு ஓட்றாங்கன்னே தெரியாது."

சாலைப் பாதுகாப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. இதை எழுதேன் என்றேன். "மார்க் வராது அங்கிள், கைடுல இல்ல" என்றான். அதோடு, நடுவில் ஏதாவது சேர்த்தால் அடித்தல் திருத்தல் வந்துவிடும், அடித்தல் திருத்தல் இருந்தால் தமிழய்யாவுக்குக் கோபம் வரும். துணைத்தலைப்புக்குக் கறுப்பு ஸ்கெட்சில் அடிக்கோடு, ஓரத்தில் மார்ஜின், ஒரு எழுத்துக்கூடக் கலையாத பக்கம். எழுதியவனுக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை என்பதற்கு அத்தாட்சி மாதிரி இருக்கும் அந்தத் தாள்.

சிப்காட்டில் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் நான். அங்கே கதை நேர்மாறு. ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும் ரெவிஷன் அட்டவணை உண்டு. ஏ, பி, சி என்று எழுத்து, தேதி, என்ன மாற்றம், ஏன், யார் ஒப்பம். ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவோம், ஒன்று, பூஜ்ஜியம் என்று யாராவது படித்துவிடுவார்கள். மாற்றிய இடத்துக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம் போட்டு அந்த எழுத்து. கையால் எழுதும் ரெக்கார்டில் வொயிட்னர் தடவினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். தப்பின் மேல் ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும்.

மாலூரிலிருந்து வந்துபோகும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் எங்கள் செக்‌ஷனில் மூத்தவர். பிராக்கெட் ஒன்றின் டிராயிங்கைப் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் எடுத்துக்கொண்டு வந்தார். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு எதற்கு 9 துளை, 8.4 போதுமே, புத்தகத்திலேயே இருக்கிறதே என்றார். புத்தகத்தில் இருப்பது உண்மைதான். பெரியவர் பதில் பேசவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டவணையில் பி ரெவிஷன் வரியில் விரலை வைத்தார். 'பவுடர் கோட்டிங்குக்குப் பிறகு போல்ட் இறங்கவில்லை.' அந்த மாற்றத்தைச் செய்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் காரணத்தை எழுதாமல் துளையை மட்டும் சுத்தமாக மாற்றிவிட்டுப் போயிருந்தால், பெயின்ட் அடித்த பிராக்கெட்டுகளை வைத்துக்கொண்டு லைனில் மறுபடி ஒரு நாள் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

பையனுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. பரீட்சைக்குக் கைடில் உள்ளது, வீட்டுப்பாட நோட்டுக்கு மட்டும் சேஸிஸ் டிரைவர் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். எழுதினான். முன்னுரையில் சக்கரம் கண்டுபிடித்த வரலாறு இருந்தது, அடுத்த தடவை அதை எடுத்துவிட்டான். டிரைவர் முகம் மூன்றாம் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு ஏறியது. அவன் அம்மாவுக்குத் தெலுங்கில் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினான். தெலுங்கில் தடுக்கிய இடங்களைத் தமிழிலும் சரிசெய்தான். அது அவனாகக் கண்டுபிடித்த உத்தி, பவணந்தியாரின் 32இல் இல்லை. கட்டுரை முடிந்த பக்கத்தின் மூலையில் ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டான். ரெவிஷன் ஏ: சக்கரம் நீக்கம், காரணம் யாருக்கும் தேவையில்லை. ரெவிஷன் பி: டிரைவர் முன்னால் வந்தார், காரணம் அம்மா அந்த இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

நோட்டு திரும்பி வந்தது. கட்டுரைக்கு 'நன்று' கிடைத்திருந்தது. அட்டவணையின் மேல் மட்டும் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. தேதியும் இல்லை, சுருக்கொப்பமும் இல்லை.