மாப்பிள்ளை முகத்தில் பதினாறு ஊசி

வெளிச்சத்தைப் பற்றிக் குறிஞ்சிப்பாடிக்காரனுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை ஸார். மேற்கே பஸ் ஏறினால் வடலூர். 1872-ல் வள்ளலார் சத்திய ஞான சபையைத் தொடங்கிய ஊர். தைப்பூசத்துக்கு ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். அதையும் தாண்டினால் நெய்வேலி. 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து ஊர் ஊராக பல்பு எரிய வைக்கிற இடம். ஒன்று மனசு இருட்டுக்கு, இன்னொன்று வீட்டு இருட்டுக்கு. முகத்து இருட்டுக்கென்று மூன்றாவதாக ஒரு வெளிச்சம் இருப்பது, என் சித்தப்பா பையன் சொல்லித்தான் தெரியும்.

பையனுக்கு இருபத்தெட்டு வயசு. டவுன்ஷிப்பில் ஒரு கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதுகிறான். குணம் தங்கம். முகம்தான் பிளஸ் டூவிலிருந்தே பருவும் தழும்பும். இரண்டு பெண் வீட்டில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஜாதகம் சேரலை" என்றார்கள். ஜாதகத்தை நாங்கள் கொடுக்கவே இல்லை! மூன்றாவது இடம் கூடிவந்து, நிச்சயமும் முடிந்தது. அப்புறம் ஒரு நாள் கையில் அழகு நிலைய நோட்டீஸோடு வந்து நின்றான்.

"அண்ணே, முகத்துல பதினாறு ஊசி குத்துவாங்களாம். அக்குபங்சர். அப்புறம் செவப்பு லைட்டு, நீல லைட்டு வச்ச எல்.ஈ.டி. முகமூடி மாட்டுவாங்களாம். ரெண்டும் சேர்ந்தா முகம் பளபளன்னு ஆயிடுமாம். பத்து தடவை போவணும்."

"எவ்வளவுடா?"

சொன்னான். தாலிச் செயினுக்கென்று அவன் கட்டி வந்த சீட்டுப் பணம் மொத்தமும் காலி!

நான் வெறும் பி.காம். அழகைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது (சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேட்கலாம்). ஆனால் ஒரு செலவு வவுச்சரை மேஜை மேல் வைத்தால், எதற்கு, ரசீது எங்கே என்று கேட்காமல் விடமாட்டேன். உட்கார்ந்து படித்தேன்.

முதல் அயிட்டம், வெளிச்சம். இது டுபாக்கூர் இல்லை. ஒளியைக் குவித்துத் தோல் காசநோய்க்கு வைத்தியம் பார்த்ததற்காக, 1903-ல் ஃபின்சென் என்ற டென்மார்க் டாக்டருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால், கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைக்கிறார்களே, அதுவும் ஒளி வைத்தியம்தான். பரு விஷயத்திலும் நியாயம் இருக்கிறது. பருவில் குடியிருக்கும் பாக்டீரியா, போர்ஃபைரின் என்றொரு சரக்கைத் தயாரிக்கிறது. அதன்மேல் 415 நானோமீட்டர் நீல ஒளி பட்டால், அந்தச் சரக்கே பாக்டீரியாவுக்கு எமன். சிவப்பு ஒளி கொஞ்சம் ஆழமாகப் போய் வீக்கத்தைத் தணிக்கும் என்கிறார்கள். ஆனால் 2016-ல் காக்ரேன் அமைப்பு, பருவுக்கான ஒளி வைத்தியங்கள் பற்றி 70 ஆய்வுகளுக்கு மேல் அலசிவிட்டு, தரமான ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டது. ஆடிட்டர் பாஷையில் சொன்னால், வரவு உண்டு, தொகை நிச்சயமில்லை.

இரண்டாவது அயிட்டம், ஊசி. குத்தினால் ரத்த ஓட்டம் கூடும், தோல் இறுகும் என்பது வாதம். 2013-ல் கொரியாவில் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள். நாற்பது வயது தாண்டிய பெண்கள், முப்பது பேருக்கும் குறைவு. தோல் கொஞ்சம் இறுகியதாம். சந்தோஷம். ஆனால் ஊசி குத்தாத இன்னொரு கோஷ்டியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பற்று எழுதாமல் வரவு மட்டும் எழுதிய நோட்டு மாதிரி. தவிர, அது முகத்தின் தொய்வு பற்றிய கணக்கு. நம்ம பையனுக்கோ பரு!

சரி, இரண்டும் 'சேர்ந்தால்'? இங்கேதான் நோட்டீஸ் எழுதிய ஆசாமியின் சாமர்த்தியம். சேர்க்கை என்றால் என்ன என்று நம்ம ஊர் கார்போகரிசியைக் கேளுங்கள். நலங்கு மாவில் போடுவார்களே, அதேதான். அதிலுள்ள சோராலென், தோலை வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிருக்குத் தயார் பண்ணும். வெண்புள்ளிக்கு இந்த மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுப்பது பழைய வைத்தியம். மருந்தை மட்டும் தடவிவிட்டு இருட்டில் உட்கார்ந்தால் பலனில்லை. அளவு தப்பினால் தோல் வெந்துவிடும் என்பதால் டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது ஓடாது, அது சேர்க்கை. ஊசியும் லைட்டும் அப்படியில்லை. ஒரே பில்லில் இரண்டு அயிட்டம், அவ்வளவுதான்.

இன்னொன்றை நோட்டீஸ் சொல்லவே இல்லை. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருமையை உண்டாக்கலாம், அது பல நாள் தங்கலாம் என்று 2010-ல் அமெரிக்காவில் ஆய்வு வந்திருக்கிறது. அதிலும் நீலப் பக்கம்தான் மோசம். சீழ் வைத்த பருவில் ஊசி பட்டாலும் கறை. பரு ஒரு வாரத்தில் போய்விடும், கறை மாசக் கணக்கில் நிற்கும். கல்யாண ஆல்பத்தில் வருவது கறைதான் ஸார்.

பையனை அரசு ஆஸ்பத்திரி தோல் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "என்ன க்ரீம் போடற?"

பையன் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தான். சிவப்பாக்கும் என்று சிநேகிதன் கொடுத்ததாம். ஸ்டீராய்டு! முதல் மாதம் முகம் பளிச்சிடும், அப்புறம் பரு பொங்கும், தோல் மெலியும். இந்த மாதிரிக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டாயிற்று. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது.

அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். ராத்திரிக்கு அடாபலீன், பகலுக்கு வெயில் தடுப்பு க்ரீம், பருவைக் கிள்ளாத விரல், மூன்று மாதப் பொறுமை. இவ்வளவுதான் சீட்டில். சீட்டுப் பணம் பிழைத்தது.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. "முகம் முழுசா சரியாவாதுண்ணே, பொண்ணுகிட்ட சொல்லிடவா?" என்றான். சொல்லுடா என்றேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவன், அரைமணி கழித்து இறங்கி வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"அவங்களும் ரெண்டு வருஷம் அதே க்ரீம் போட்டாங்களாம்ணே. மொத மாசம் தோல் உரியும், பயந்துடாதீங்கன்னாங்க."