தடம் பார்க்கக் கற்ற கதை

லடாக்கில் எங்களுக்கு ஐஸ் ஹாக்கி ரிங்க் என்பது உறைந்த குளம்தான். டிசம்பர் பாதியில் தண்ணீர் இறுகும், பிப்ரவரியில் இளகத் தொடங்கிவிடும். 3,500 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் குளிரில், அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு பிள்ளை நிற்க, ஓட, பக்கைக் கடத்தக் கற்றாக வேண்டும். ஊர் அணியில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த நான், பிறகு பயிற்சி கொடுக்கும் பக்கம் வந்தேன். எங்கள் மூத்த பயிற்சியாளர்தான் குரு. அண்ணன் முறை வைத்து ‘அச்சோ’ என்று கூப்பிடுவோம்.

ஸ்டிக்கைத் தொடும் முன் துடைப்பத்தைக் கொடுத்தார். இரவில் வெண்பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு, தண்ணீரை மெல்லிய பூச்சாக ஊற்ற வேண்டும். ஒரு பூச்சு முழுதாக உறைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் மேலே ஓடு கட்டி, உள்ளே பொள்ளலாகி, ஸ்கேட் பட்டதும் உடையும்.

விடிந்ததும் தரை கண்ணாடியாகக் கிடக்கும். முதல் பிள்ளை அதில் போனதும் அச்சோ சொல்வார்: “அவளைப் பார்க்காதே, தடத்தைப் பார்.”

ஸ்கேட் அலகின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள். அலகை நிமிர்த்தி வைத்துச் சறுக்கினால் தரையில் இரட்டைக் கோடு விழும். சாய்த்து ஒரு விளிம்பில் ஏறினால் ஒற்றைக் கோடு. உந்தித் தள்ளும் இடத்தில் இரட்டைக் கோடு தெரிந்தால், அந்தக் கால் தரையைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இடப்பக்கம் திரும்பி நிற்க வராத ஒரு சிறுமி இருந்தாள். அவள் தடத்தைக் குனிந்து பார்த்தேன். வலது கால் வெள்ளையாகச் சுரண்டியிருந்தது. இடது கால் நூல் மாதிரி ஒரு கீறலோடு சரி. அவளைப் பலகை ஓரம் பிடித்து நிற்கச் சொன்னேன். “இடது காலின் வெளிவிளிம்பால் தரையைச் சுரண்டு, பொடி வரட்டும்.” வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அலகடியில் பொடி குவிந்தது. மறுபடி ஓடி வந்து திரும்பினாள். இரண்டு வெள்ளைத் தீற்றல்கள் பக்கத்துப் பக்கத்தில் விழ, நின்றாள். “அச்சே (அக்கா), நின்னுட்டேன்!” என்று கத்தினாள்.

அந்த நிறுத்தம் என் காலுக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். காலுக்குத் தெரிந்ததைக் கண்ணால் பிரித்துப் பார்த்து, ஒரே ஒரு சொல்லாகக் கொடுப்பதுதான் பயிற்சியாளர் வேலை. பத்துக் குறை தெரிந்தாலும் மற்ற ஒன்பதுக்கும் காரணமான ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியது 2016-இல், தைபேயில். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என வென்றது முதல் வெற்றி. 2025-இல் அல் ஐன் நகரில் ஆசியக் கோப்பை வெண்கலம். அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். கனடாவுக்காக ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற ஹேலி விக்கன்ஹைசர் 2018-இல் லே வந்து எங்கள் பிள்ளைகளோடு ஸ்கேட் கட்டினார். இவையெல்லாம் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் பனிக்காலத்தில் ஒரு சிறுமியால் தன் ஊர்க் குளம் வரைதான் நடந்து வர முடியும். அங்கே சொல்லிக்கொடுக்க ஓர் அக்கா இருந்தாக வேண்டும்.

அதனால் ஆட்டம் முடிந்து ஓய்ந்த பிறகு பயிற்சிக்கு வரட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பெண்களிடமே காலையில் துடைப்பத்தைக் கொடுத்து, தடம் பார்க்கச் சொல்கிறேன்.