அம்மிக்கல்லுக்கு எவ்ளோ போடறது?

செமஸ்டர் லீவுல கொடைக்கானல் வீட்டுக்குப் போனேன். ஊரே லேக்கைச் சுத்துது, நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிட்டு இருந்தேன். அக்காவும் மாமாவும் ஜனவரியில டொராண்டோவுக்கே குடிபோறாங்க.

ஆள் ஃப்ளைட்ல போயிடலாம். சாமான் தூத்துக்குடியிலிருந்து கப்பல்ல போய்ச் சேர மாசக்கணக்காகும். இது தெரிஞ்சும் ஸ்வெட்டர் மொத்தத்தையும் கப்பல் பெட்டியில அடுக்கினது நான்தான். அங்கே மைனஸ் பத்துல அக்கா சேலையைப் போர்த்திக்கிட்டு நிக்கணுமா? நாலு வருஷ இன்ஜினியரிங்!

அடுத்த தலைவலி ஈரம். 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர். டிசம்பர் மூட்டத்துல ஒரு போர்வை காய மூணு நாள் ஆகுது. ஈரத்தோட மூடினா, கன்டெய்னரோட இரும்புக் கூரை குளிரும்போது உள்ளே இருக்கிற ஆவி தண்ணியா மாறிச் சொட்டும். 'கன்டெய்னர் மழை'ன்னே அதுக்குப் பேர். ட்யூ பாயின்ட்டை நான் தெர்மோல பாஸாகத்தான் படிச்சேன். புரிஞ்சது, அம்மா அடுப்புப் பக்கத்துல கம்பளியைத் திருப்பித் திருப்பிக் காய வச்சப்போதான். (1845-ல அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினப்போ மலைக்கு ரோடே கிடையாது. நமக்கு லாரியாவது இருக்கு.)

கனடாவுல இறங்குற அன்னைக்கே, பின்னால வரப்போற சாமானையெல்லாம் மதிப்போட எழுதிக் கொடுக்கணும். விட்டுப்போனா அப்புறம் வரி கட்ட வேண்டி வரலாம். அக்கா சொல்லச் சொல்ல நான் லேப்டாப்புல அடிச்சேன். குக்கர், தையல் மெஷின், புக்ஸ். பாட்டியோட அம்மிக்கல் வந்ததும் நிறுத்திட்டா.

"இதுக்கு எவ்ளோ போடறதும்மா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாங்க: "அது இங்கேயே இருக்கட்டும்டி. நீ வர்றப்போ அரைக்க வேணும்ல."

அக்கா ஒண்ணும் பேசல. நானும் ஜூன்ல வேலைக்குப் போயிடுவேன். மதிப்புக் கட்டத்தை மட்டும் காலியா விட்டு சேவ் பண்ணேன்.