ஈரம் அரிக்கும் மலைப்பொருட்கள்

பல பத்தாண்டுகள் பழமையான மலையேற்றப் பொருள் ஒன்றை வைத்துக்கொள்வதா, பழுதுபார்த்துப் பிறருக்குக் கொடுப்பதா, கழித்துவிடுவதா என்ற கேள்விக்கு அதன் வயதை மட்டும் கொண்டு விடை காண முற்படுவோர், எறியவேண்டியதைக் காப்பாற்றி, காப்பாற்றவேண்டியதை எறிந்துவிடுவது வழக்கம். பழைய பொருட்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் ஊறியவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகளைத்தான்: பொருள் எதனால் ஆனது, அதன்மேல் ஒரு மனித உடலின் பாரமும் உயிரும் தங்கியிருக்குமா என்பன அவை. விலை, நினைவு, உரிமையாளரின் பற்று ஆகியவற்றுக்கு இடம் உண்டு எனினும், அவை இவ்விரண்டிற்கும் பின்னரே வரவேண்டும்.

கண்டி மாவட்டத்தின் பன்வில இக்கேள்விகளைக் கூர்மையாக எழுப்பும் இடமாகும். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக வரும் வீதி பன்விலவைக் கடந்து மடுல்கலை, உலுகங்கைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறுகின்றது. அதற்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர் தொடங்குகின்றது. 1906 மீற்றர் உயரமுள்ள கொம்பனியாவைத் தன் உச்சியாகக் கொண்ட இத்தொடர், 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் ஹோர்ட்டன் சமவெளியுடனும் சேர்த்து இலங்கையின் மத்திய உயர்நிலமாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இரு பருவக்காற்றுகளின் மழையையும் பெறும் இந்த மலைகளில், தோல், துணி, பசை, நுரை என எல்லாவற்றையும் ஈரம் ஆண்டு முழுவதும் அரித்துக்கொண்டிருக்கின்றது. மலைக்கு வருவோர் விட்டுச்சென்ற சப்பாத்துகள், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய முதுகுப்பைகள், முந்தைய தலைமுறையினர் வாங்கிய கூடாரங்கள் எனப் பழைய பொருட்கள் இங்குள்ள வீடுகளின் பரண்களில் சேர்வது இயல்பே. அவற்றைப் பழுதாக்குவது நடந்த தூரத்தைவிட, நடக்காமல் கிடந்த காலமும் அக்காலத்தில் சூழ்ந்திருந்த ஈரமுமே.

இமயத்தின் சான்று இதை மறுபுறமிருந்து விளக்குகின்றது. 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999 மே மாதத்தில் கண்டெடுக்கப்பட்டபோது, ஆணி அடித்த அவரது தோற் சப்பாத்து எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னும் சப்பாத்தென அடையாளம் காணக்கூடிய நிலையில் காலில் இருந்தது. வறண்ட கடுங்குளிர் அதைக் காத்தது. அதே சப்பாத்து மலையகத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றின் பரணில் கிடந்திருப்பின், ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் படர்ந்து, சில ஆண்டுகளில் தையல் நூல் இற்றுப்போயிருக்கும்.

எனினும் தோல் தன் நோயை மறைப்பதில்லை என்பது அதன் பெருமை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும். வெடிப்பு விரலுக்குத் தட்டுப்படும். உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, மெழுகு பூசினால் பெரும்பாலான தோற்பொருட்கள் மீளும். மறைந்திருந்து அழிவது நவீன சப்பாத்தின் நடுவடியே. நடுவடி என்பது தரையைத் தொடும் இறப்பர் அடிக்கும் பாதம் பதியும் உள்ளடிக்கும் இடையில் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வைக்கப்படும் நுரைப்படையாகும். மலைச் சப்பாத்துகள் பலவற்றில் இது பொலியூரித்தேன் எனும் செயற்கைப் பொருளால் ஆனது. காற்றிலுள்ள நீராவி அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சிறுகச் சிறுக வெட்டுகின்றது. வேதியியலார் இதை நீராற்பகுப்பு என்பர். வெப்பமும் ஈரப்பதனும் கூடும்போது இந்த வெட்டு விரைவடைகின்றது. பெட்டியிலிருந்து எடுக்கப்படாத சப்பாத்தும் இதிலிருந்து தப்புவதில்லை. மேற்புறத் தோல் பளபளத்து, இறப்பர் அடியின் பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல் தோன்றும் ஒரு சப்பாத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பின் முதல் ஏற்றத்திலேயே நடுவடி புட்டைப்போல் உதிர்ந்து அடியை இழந்துவிடுவது இதனாலேயே. அட்டைகள் நிறைந்த ஈரக்காட்டில், அடுத்த வீதிக்கு அரைநாள் நடக்கவேண்டிய இடத்தில் அடி கழன்றால் அது சிறு இடர் அன்று.

ஆகவே பழைய சப்பாத்தைச் சோதிப்பவர் மேற்புறத்தைப் பார்த்து ஏமாறலாகாது. கட்டைவிரல் நகத்தால் நடுவடியின் பக்கவாட்டை அழுத்தவேண்டும்; நகத்தின் தடம் மீளாமல் நின்றாலோ, தூள் ஒட்டினாலோ முடிவு அங்கேயே தெளிவாகிவிடும். நகம் எதையும் காட்டாதவிடத்துச் சப்பாத்தின் முன்பகுதியைப் பலமுறை வளைத்து, இறப்பர் அடி சேரும் ஓரத்தில் மயிர்க்கோடு போன்ற பிளவு விழுகின்றதா எனப் பார்க்கவேண்டும். அதன் பின்னரும், வீட்டைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளில் சில நாட்கள் அணிந்து நடந்து பார்த்தபிறகே காட்டுக்குக் கொண்டுசெல்வது முறை. நடுவடி இறந்திருந்தும் மேற்தோல் உறுதியாக இருந்தால், தேர்ந்த சப்பாத்துத் தைப்பவர் பழைய அடியை முழுவதும் அகற்றி, கெட்டி இறப்பரை ஒட்டித் தைத்துத் தரமுடியும். அது முன்னையதைவிடப் பாரமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஆயினும் ஈரத்தால் உதிராது. இந்தப் பழுதுபார்ப்புக்கு உரிய மதிப்பைத் தராமல் புதுச் சப்பாத்தின் விலையை மட்டும் பேசுவது, நல்ல தோலையும் நல்ல கையையும் ஒருசேர இழப்பதாகும்.

இதே கேள்வி பனிநாடுகளில் பெரிய அளவில் எழுகின்றது. நோர்வே, சுவிற்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே பனிச்சறுக்குப் பழகுவதால், வளர்ந்த பிள்ளைகளின் பழைய பலகைகளும் சப்பாத்துகளும் நிலவறைகளில் சேர்கின்றன. அங்கும் பலகையைவிட அதன்மேல் பொருத்தப்பட்ட பிணைப்பே தீர்ப்பை முடிவுசெய்கின்றது. பிணைப்பு என்பது சப்பாத்தைப் பலகையோடு பற்றிவைத்து, விழும்போது குறித்த விசைக்கு மேல் காலை விடுவிக்கும் வில்லமைப்பாகும். வில் தளர்ந்தோ, உராய்வைக் குறைக்கும் தகடு தேய்ந்தோ, பிளாஸ்டிக் நொறுங்கியோ போனால், அது விடுவிக்கவேண்டிய நேரத்தில் விடாது. முழங்கால் நாரும் கால் எலும்பும் அதற்கு விலை கொடுக்கும். வட அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் தாம் பொறுப்பேற்கும் பிணைப்புகளின் பட்டியலை வெளியிடுகின்றனர். அதிலிருந்து நீங்கியவற்றைக் கடைகள் சரிசெய்து தருவதில்லை. கடினமான கண்டிப்பாகத் தோன்றினும், அது நியாயமானதே. பழைய மரப் பலகைக்கு அந்த ஆபத்துக் குறைவென்று கருதி அதையும் சரிவில் இறக்கவேண்டியதில்லை. 1923இல் தொடங்கப்பட்ட ஒஸ்லோவின் ஹொல்மென்கொல்லன் பனிச்சறுக்கு அருங்காட்சியகம் காட்டுவதுபோல, அத்தகையது பார்க்கவும் படிக்கவும் உரிய பொருளாக வாழலாம்.

பனிநாட்டு உறவினர் இத்தகைய பழைய சறுக்குப் பொருட்களைப் பொதியாக அனுப்பினால், பனியே காணாத பன்வில மலைகளில் அதிலிருந்து பயன்படக்கூடியது ஊன்றுகோல் ஒன்றே. அலுமினியக் கோலின் அடியிலுள்ள வட்டத் தட்டைக் கழற்றி, முழங்கை மடிந்து முன்கை தரைக்கு இணையாக நிற்கும் உயரத்திற்கு மேற்புறத்தை அரிந்து, பிடியை மீண்டும் பொருத்தினால், வழுக்கும் பத்தனைப் புல்வெளிகளின் இறக்கத்தில் அது நல்ல துணையாகும். வளைந்து நிமிர்த்தப்பட்ட கோலை மட்டும் ஏற்கலாகாது. வளைந்த இடத்திலேயே அது மறுபடி ஒடியும்.

கயிறும் தலைக்கவசமும் வேறு வகையைச் சேர்ந்தவை. ஏறுவோரின் உயிரைத் தாங்கும் நைலோன் கயிற்றை, ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிடினும், பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்பவேண்டாம் எனத் தயாரிப்பாளர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர். வெயிலும், மின்கல அமிலத்தின் ஆவியும்கூட இழைகளைக் கெடுக்கும்; அந்தக் கேடு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். இங்கே பழுதுபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூட்டை கட்டவும் துணி காயப்போடவும் அக்கயிறு இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் அவ்வேலைக்குக் கொடுக்குமுன் அதைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுவது கட்டாயம். முழு நீளத்தில் விட்ட கயிற்றை, அதன் வரலாறு தெரியாத ஓர் இளைஞர் ஒருநாள் நீர்வீழ்ச்சிப் பாறையில் கட்டி இறங்கக்கூடும். காலாவதியான தலைக்கவசத்தின் பட்டிகளை அறுப்பதும், பழைய பிணைப்பைப் பலகையிலிருந்து கழற்றிவிடுவதும் இதே கடமையின் பகுதிகள். கொடுப்பவரின் பொறுப்பு பொருள் கைமாறியதோடு தீர்வதில்லை; வாங்குபவர் ஏழையாக இருந்து மறுக்க இயலாதவராயின் அது மேலும் கூடுகின்றது. தனக்குப் பாதுகாப்பற்றது என்று ஒதுக்கியதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு உதவி என்று அனுப்புவது உதவியாகாது.

மற்றவை எளிதில் தீரும். பித்தளை மண்ணெண்ணெய் அடுப்பும் பெற்றோமக்ஸ் விளக்கும், வாசரை மாற்றித் துவாரத்தைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் உயிர்பெறும். கம்பளி உடை, பூச்சி அரிக்காதவரை நல்லது. கூடாரத்தின் அடித்துணியில் உள்ள நீர்காப்புப் பூச்சு பிசுபிசுத்துப் புளித்த நாற்றம் வீசினால், சப்பாத்தின் நடுவடியைத் தின்ற அதே நீராற்பகுப்பே அங்கும் நடந்திருக்கின்றது. கம்பிகளையும் கொளுக்கிகளையும் உருவிக்கொண்டு துணியைக் கைவிடலாம்.

தந்தையின் சப்பாத்தையோ முதற் பயணத்தின் பையையோ கொண்டுவருவோரிடம் இத்தீர்ப்புகளை வெறும் வேதியியலாகச் சொல்வது முறையாகாது. பொருளை வைத்துக்கொள்வதற்கும் அதை நம்பி ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைத்தால், பெரும்பாலானோர் அதை ஏற்றுக்கொள்வர். வைத்துக்கொள்ளத் தகுந்ததைப் பொலித்தீன் பையில் கட்டாமல், தகரக் கூரையின் சூடும் அடுப்பின் அனலும் எட்டாத காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். கட்டிய பை ஈரத்தை உள்ளே சிறைவைக்கின்றது, சூடு அதன் வேலையை விரைவாக்குகின்றது. கைவிட்ட நுரையையும் செயற்கைத் துணியையும் லயத்தின் பின்புறத்தில் எரிப்பது கடுமையான தீங்கு. பொலியூரித்தேன் எரியும்போது ஐதரசன் சயனைட்டு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் எழுகின்றன. அக்கழிவைப் பிரதேச சபையின் குப்பை வண்டியிடம் ஒப்படைப்பதே தக்கது. எஞ்சும் ஒவ்வொரு பொருளின் உட்புறத்திலும் அது தயாரிக்கப்பட்ட ஆண்டை அழியாத மையால் எழுதிவைக்கவேண்டும். அந்த ஆண்டு தெரியாதவிடத்து, அது கைக்கு வந்த ஆண்டையும், முன்னரே பழையதாய் வந்தது என்ற குறிப்பையும் எழுதவேண்டும்.