முள் போன புஞ்சை

புரட்டாசி 3
கரிமூட்டக்காரர்கள் வெட்டிய முள்ளில் கடைசி லோடையும் ஏற்றிவிட்டார்கள். அப்பா விதைப்பை நிறுத்திய நாள் முதல் புஞ்சை பூராவும் சீமைக்கருவேலம். இப்போது திருச்சுழி ரோட்டில் நின்றால் கண்மாய்க் கரை தெரிகிறது. இவ்வளவு வெளிச்சம் பயமாக இருக்கிறது. இனி உழப் போவதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். புல்லும் ஆவாரையும் குடைவேலமும் தானாக வரட்டும். அண்ணன் பதில் சொல்லவில்லை.

புரட்டாசி 9
வெட்டிய தூரெல்லாம் துளிர்த்துவிட்டது. மண்ணுக்குள்ளும் மொட்டு வைத்திருக்கிற மரம் இது. ஓரடி தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்காவிட்டால் சாகாது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கமெல்லாம் ஜேசிபி ஓடியது. புரட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே முள் முளைத்தது. விதை மண்ணுக்குள் வருசக்கணக்கில் காத்துக் கிடக்கும். எனக்கு ஜேசிபி வேண்டாம். உயிரோடிருக்கிற புல்வேரையும் அது வாரிக்கொண்டு போய்விடும். கடப்பாரைதான்.

புரட்டாசி 10
ஆள் கிடைக்கவில்லை.

புரட்டாசி 21
வெள்ளாடு மேய்க்கிற பெரியவர் வந்தார். வேலி போடப் போகிறேன் என்றேன்.

"அப்ப ஆடு எங்க தம்பி போகும்?"

ஆடு நெற்றைத் தின்றால் புழுக்கையோடு விதை விழும், வயிற்றில் ஊறி வந்தது சீக்கிரம் முளைக்கும், அதனால்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சித்திரையில புல்லெல்லாம் கருகிக் கெடக்கையில அந்த நெத்துதான் தம்பி ஆட்டைக் காப்பாத்துச்சு."

என்ன சொல்வது? பருத்தியும் மல்லியும் கைவிட்ட மண்ணில் விறகும் கரியும் நெற்றுமாக எத்தனையோ வீட்டுக்கு இந்த முள்தான் சோறு போட்டது. அதை அழித்துவிட்டு வேலியும் போடுகிறேன்.

போகிறபோது வரப்போரம் குனிந்து, காய்ந்த தூர் ஒன்றைக் கம்பால் கிளறினார். மேலே சருகு, அடியில் விரல்கடை அளவுக்கு வெளிர்பச்சை. "கொழுக்கட்டைப்புல்லு. ஒரு மழை போதும். மொத வருசம் எந்த ஆட்டையும் வாய் வைக்க விடாதீக. என் ஆட்டையுந்தான்."

ஐப்பசி 2
மழை இல்லை.

ஐப்பசி 6
சோலார் புரோக்கர் அண்ணனைப் பிடித்துவிட்டார். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் ஆலை வந்ததிலிருந்து இப்படி ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சும்மா கிடக்கிற இடம்தானே என்கிறார். வல்லநாட்டு வெளிமான் மேய்வதும் இப்படி முட்செடியும் புல்லுமாய்க் காய்ந்த குன்றில்தான். அதையும் சும்மா கிடக்கிறது என்பாரா? போனில் கத்திவிட்டேன். அண்ணன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஐப்பசி 19
மழை! கரிசலில் கால் வைக்க முடியவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி 27
கொழுக்கட்டைப்புல் பச்சை பிடித்து வந்துவிட்டது. பெரியவர் காட்டிய தூர் மட்டுமல்ல, வரப்பு நெடுக. நடுவில் பொடி நாற்றுகள். கருவேலமா, சீமைக்கருவேலமா என்று நாற்றாக இருக்கையில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் குச்சி நட்டு வைத்தேன். பெரியவரைக் கேட்க வேண்டும்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பில் நின்றே கேட்டார்: "புதர் மண்டுனா காட்டுப்பன்னி வந்து படுக்கும். என் மக்காச்சோளத்துக்கு யாரு பொறுப்பு?" அவருக்கு அது ஒரு வருசத்து வருமானம். ஓரத்தில் பத்தடி புதர் இல்லாமல் வைத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கார்த்திகை 4
வேலிக்கு வாங்கிய கம்பியைப் பிரிக்கவில்லை. கிழக்கே ஆடு போக ஒரு தடம் விட முடியுமா என்று அளந்து பார்த்தேன். நாளை கடப்பாரைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். வடமூலையில் தூர் பாக்கி. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தோடு வருகிறார்.